மார்க் ஷீட்டின் பின்பக்கம்

பெருமாள்புரத்தில் எங்கள் தெருவிலேயே இருக்கிற பெண் அவள். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்து, இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஜெர்மனியில் மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு வந்தாள். உள்ளே 8 செமஸ்டர் மார்க் ஷீட். முதல் இரண்டை அவள் அப்பா ஆசை ஆசையாக லேமினேட் பண்ணி வைத்திருந்தார்.

“மாமா, என் சிஜிபிஏ 7.6. ஜெர்மன் மார்க்குக்கு மாத்தினா ஒருத்தர் 2.2னு சொல்லுதாரு, ஒருத்தர் 2.4ங்காரு, இன்னொருத்தர் 2.8ங்காரு. அமெரிக்காவுக்குன்னா 10ஆல வகுத்து 4ஆல பெருக்கினாப் போதும்லா? 3.04 வருது.”

சிஜிபிஏ என்பது எல்லாப் பாடங்களின் கிரேடு புள்ளிகளுக்கும் சேர்த்து 10க்கு எடுக்கிற சராசரி. நான் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அவள் சொன்ன மூன்று ஜெர்மன் விடைகளையும் தாளில் போட்டுப் பார்த்தேன். மூன்றுமே கூட்டல் கழித்தலில் சரி. சூத்திரமும் ஒன்றுதான். மாறியிருந்தது ஒரே ஒரு எண்: பாஸ் மார்க். அந்த எண் அவள் மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. அவள் அதைத் திருப்பிப் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

வெளிநாட்டுப் படிப்பு என்றதும் நம் பிள்ளைகள் முதலில் தேடுவது இந்த மாற்றுக் கணக்கைத்தான். பெருக்குவதற்கு ஓர் எண் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ரூபாயை யூரோவாக மாற்றுகிற மாதிரி, மார்க்குக்கும் ஒரு விலை நிலவரம் எங்கோ இருக்கும் என்ற நினைப்பு. அப்படி ஒன்று இல்லை. எந்தப் பரீட்சை ஹாலில் போட்டார்களோ அங்கேதான் அந்த மார்க்குக்கு அர்த்தம். வேறு ஊருக்குக் கொண்டுபோகும்போது, அந்த ஹாலின் விதிகளையும் கூடவே கொண்டுபோக வேண்டும்.

60 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு நாடு நாடாக நடந்து பாருங்கள். நம் ஊரில் 60 என்றால் ஃபர்ஸ்ட் கிளாஸ், வீட்டில் கேசரி கிண்டுவார்கள். அதே 60 அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் ‘டி’ கிரேடு, ஃபெயிலுக்கு ஒரு படி மேலே. இங்கிலாந்தில் 60 வந்தால் இரண்டாம் வகுப்பின் மேல்பாதி, மதிப்பான இடம். அங்கே முதல் வகுப்பு 70இல் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 60 வெறும் பாஸ். 65 தாண்டினால் கிரெடிட், 75க்கு டிஸ்டிங்ஷன், 85க்கு ஹை டிஸ்டிங்ஷன். பிரான்ஸில் 20க்குத்தான் மார்க். நம் 60ஐ அப்படியே விகிதம் போட்டால் 12 வரும். பாஸ் 10, 16க்கு மேல் எடுத்தால் ‘மிக நன்று’. இத்தாலியில் ஒரு பாடத்துக்கு 30, பாஸ் 18. அது விகிதத்தில் சரியாக 60. ஆக, நம் ஃபர்ஸ்ட் கிளாஸை விகிதப்படி இத்தாலிக்குக் கொண்டுபோனால் தட்டுத்தடுமாறிப் பாஸானதாக ஆகிவிடும்.

டென்மார்க்கின் அளவைக் கேட்டால் இன்னும் வியப்பாக இருக்கும். அங்கே 12, 10, 7, 4, 02, 00, பிறகு கழித்தல் 3 என்று ஏழே ஏழு மார்க்தான். நடுவில் 8ஓ 9ஓ கிடையாது. 02 என்று முன்னால் சுழியம் போட்டு எழுதுவது, 2க்கு முன்னால் ஒரு கோடு இழுத்து யாரும் 12 ஆக்கிவிடக் கூடாது என்பதற்காக. இப்படி ஓர் அளவுக்கு எந்த எண்ணால் பெருக்கிப் போவது?

வெளிநாட்டை விடுங்கள், இந்தியாவுக்குள்ளேயே இந்தக் கணக்கு நிற்காது. அவளுடைய 7.6ஐச் சதவீதம் ஆக்குவோம். 10ஆல் பெருக்கு என்று நம் பக்கம் சொல்வார்கள்: 76. சிபிஎஸ்இ-யின் 9.5ஆல் பெருக்கினால் 72.2. கர்நாடகத்தின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து வழியில் 0.75ஐக் கழித்துவிட்டு 10ஆல் பெருக்கினால் 68.5. மும்பைப் பல்கலைக்கழகம் பொறியியலுக்கு வைத்திருந்த கணக்கில் 7.1ஆல் பெருக்கி 11ஐக் கூட்டினால் ஏறக்குறைய 65. ஒரே பெண், ஒரே உழைப்பு, நான்கு சதவீதம்.

இதில் அந்த 9.5க்கு ஒரு கதை இருக்கிறது. பத்தாம் வகுப்புக்குச் சிபிஎஸ்இ கிரேடு முறை வைத்திருந்த காலத்தில், 91இலிருந்து 100 வரை எடுத்தவர்களின் மார்க்குகளைச் சில ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரி 95 பக்கம் வந்தது. அந்த மாணவர்களின் கிரேடு புள்ளி 10. எனவே 95ஐ 10ஆல் வகுத்து 9.5 என்று வைத்தார்கள். சரிதான், அந்தப் பரீட்சைக்கு அந்தப் பிள்ளைகளின் மார்க்கிலிருந்து எடுத்த எண் அது. அதைக் கொண்டுவந்து பொறியியல் கல்லூரி மாணவருக்கு மாட்டினால் என்ன நியாயம்? திருநெல்வேலியிலேயே ஓர் ஆலோசனை மையத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் 9.5ஆல் பெருக்கிக் கொடுத்துக்கொண்டிருந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளை நம்பி விண்ணப்பத்தில் எழுதிய பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

கிரேடு முறையிலேயே இன்னொரு சிக்கல். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில், அதாவது அந்த ஆண்டு வந்த பாடத்திட்ட, தேர்வு விதிகளில், 71இலிருந்து 80 வரை எடுத்தால் ‘ஏ’, அதற்கு 8 புள்ளி. எல்லாப் பாடத்திலும் 71 எடுத்தவளுக்கும் சிஜிபிஏ 8, எல்லாவற்றிலும் 80 எடுத்தவளுக்கும் சிஜிபிஏ 8. இந்த 8ஐ வைத்துக்கொண்டு பழைய மார்க்குக்குத் திரும்பிப் போக வழியே இல்லை. மாவை மறுபடி அரிசியாக்க முடியாது. ஆகவே எந்தச் சூத்திரம் போட்டாலும் வருவது ஓர் உத்தேசம்தான்.

இப்போது ஜெர்மனிக்கு வருவோம். இந்தப் பெண்ணின் பிரச்சினையும் அங்கேதான் இருக்கிறது. ஜெர்மனியில் மார்க் தலைகீழ். 1.0 தான் உச்சம், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். 1.5 வரை மிக நன்று, 2.5 வரை நன்று, 3.5 வரை திருப்தி, 4.0 வரை போதும். பல முதுநிலைப் படிப்புகளில் 2.5 என்று வாசல் கட்டியிருப்பது இதனால்தான். ‘நன்று’ வாங்கியவர்களை உள்ளே விடுகிறார்கள். வெளிநாட்டு மார்க்கை இந்த அளவுக்குக் கொண்டுவர அங்கே பரவலாகப் பயன்படுத்துவது ‘மாற்றியமைக்கப்பட்ட பவேரியச் சூத்திரம்’.

பெயர்தான் பெரிசு, கணக்கு சின்னது. உங்கள் ஊரில் எடுக்க முடிகிற உச்ச மார்க்கிலிருந்து நீங்கள் எவ்வளவு கீழே இருக்கிறீர்கள் என்று பாருங்கள். அப்புறம் அந்த உச்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1ஐக் கூட்டுங்கள். 3 எங்கிருந்து வந்தது? ஜெர்மனியின் உச்சமான 1க்கும் பாஸான 4க்கும் உள்ள தூரம் அது. உச்ச மார்க் எடுத்தவருக்கு 1 வரும், விளிம்பில் பாஸானவருக்கு 4 வரும். நடுவில் இருப்பவர்கள் அதே விகிதத்தில் உட்காருவார்கள்.

அவளுக்குப் போடுவோம். 10க்கும் 7.6க்கும் வித்தியாசம் 2.4. பாஸ் புள்ளி 4 என்றால் 2.4ஐ 6ஆல் வகுக்க வேண்டும், விடை 2.2. பாஸ் 5 என்றால் 5ஆல் வகுக்க வேண்டும், 2.44. பாஸ் 6 என்றால் 4ஆல் வகுக்க வேண்டும், 2.8. அவள் சொன்ன மூன்று விடையும் வந்துவிட்டதா? முதல் இரண்டில் 2.5 வாசலைத் தாண்டுகிறாள், மூன்றாவதில் வெளியே நிற்கிறாள்.

சரி, இதில் எது அவளுடைய பாஸ்? 4 என்பது பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் விருப்பப் பாடத் தெரிவு முறைக்குக் கொடுத்த 10 புள்ளி அட்டவணையில் இருக்கிறது. அதில் ‘ஓ’ கிரேடுக்கு 10, ஏ பிளஸுக்கு 9, இப்படி இறங்கி இறங்கி, பாஸைக் குறிக்கிற ‘பி’க்கு (ஆங்கில எழுத்து P) 4. ஆனால் அண்ணா பல்கலைக்கழகம் தன் ரெகுலேஷனைத் தானே எழுதுகிறது. 2013 ரெகுலேஷனில் 50 மார்க் எடுத்துப் பாஸானவருக்கு ‘ஈ’ கிரேடு, 5 புள்ளி. 2017 ரெகுலேஷனில் அந்த ‘ஈ’யையே எடுத்துவிட்டார்கள். 50இலிருந்து 60 வரை எல்லாருக்கும் பொதுவாக ‘பி’, 6 புள்ளி. அதற்குக் கீழே ஃபெயில்தான். 2021 ரெகுலேஷனில் ‘சி’ என்று 5 புள்ளி மறுபடி வந்தது. நம் பெண் படித்தது அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில்.

இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் அண்ணன் 2013 ரெகுலேஷன், தங்கை 2017 ரெகுலேஷன் என்று வைத்துக்கொள்வோம். ஒரே கல்லூரி, ஒரே துறை. இரண்டு பேருக்கும் பாஸாக 50 மார்க் வேண்டும், இரண்டு பேருக்கும் சிஜிபிஏ 7.6. மார்க் ஷீட்டில் இருக்கிற பாஸ் புள்ளியை அப்படியே சூத்திரத்தில் போட்டால் அண்ணனுக்கு 2.44, தங்கைக்கு 2.8. தங்கை அண்ணனைவிட மோசமாகப் படித்தாள் என்று இதற்கு அர்த்தமா? ஒருவகையில் பார்த்தால், 50இலிருந்து 56 வரை எடுத்த பாடங்களுக்கு அண்ணனுக்கு 5தான் கிடைத்தது, தங்கைக்கு 6 கிடைத்தது. அந்தச் சலுகையைச் சூத்திரம் திரும்ப வாங்கிக்கொள்கிறது என்று வாதாடலாம். ஆனால் தங்கை எந்தப் பாடத்திலும் 60க்குக் கீழே எடுக்கவில்லை என்றால் அந்தச் சலுகை அவளைத் தொட்டதே இல்லை. வாங்காத கடனுக்கு அவள் வட்டி கட்டுகிறாள். இதை நான் அநியாயம் என்றுதான் சொல்வேன்.

எந்தப் பல்கலைக்கழகம் எதைப் பாஸாக எடுத்துக்கொள்ளும் என்பது இடத்துக்கு இடம் மாறும். அதனால் அவளுக்கு நான் சொன்னது இதுதான்: நீயாக ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து எழுதாதே. 50 மார்க்குக்குப் பாஸ், அதற்கான புள்ளி 6 என்று மார்க் ஷீட்டில் இருப்பதை அப்படியே காட்டு. சேர்க்கை அலுவலகத்துக்கு மெயில் போட்டு, 50 மார்க்கை வைத்துக் கணக்குப் போடுவீர்களா, 6 புள்ளியை வைத்துப் போடுவீர்களா என்று கேள். கேட்டால் பதில் சொல்வார்கள்.

பொறியியலுக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை இது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் இளநிலை படிக்கிற பிள்ளைக்குப் பாஸ் 40. முதுநிலைக்குப் போனால் பாஸ் 50. ஒருத்தி பி.எஸ்சி.யில் 68 எடுக்கிறாள், எம்.எஸ்சி.யிலும் 68 எடுக்கிறாள். பவேரியச் சூத்திரத்தில் பி.எஸ்சி. 2.6 ஆகும், எம்.எஸ்சி. 2.92 ஆகும். இதில் சூத்திரம் தப்புச் செய்யவில்லை என்பது என் எண்ணம். பாஸுக்கு மேலே எவ்வளவு ஏறினாள் என்பதை அது அளக்கிறது, எம்.எஸ்சி.யில் 50க்கு மேல் 18 படி, பி.எஸ்சி.யில் 40க்கு மேல் 28 படி. விண்ணப்பத்தில் முதுநிலைக்கும் பாஸ் 40 என்று தெரியாமல் எழுதிவிட்டால்தான் பிரச்சினை. சரிபார்க்கிறவர் கண்ணில் அது பட்டால், தெரியாமல் செய்தது என்று யார் நம்புவார்?

என் பாட்டையா சேரன்மாதேவிப் பக்கம் குத்தகை விவசாயம் பார்த்தவர். நெல்லைக் கோட்டைக் கணக்கில்தான் பேசுவார். 21 மரக்கால் ஒரு கோட்டை. பக்கத்து ஊரில் இத்தனை கோட்டை கண்டது என்று யாராவது சொன்னால், “அந்த ஊரு மரக்கால் எப்படி?” என்றுதான் முதலில் கேட்பார். குத்தகை அளக்கிற மரக்கால் ஒன்று, கூலி அளக்கிற மரக்கால் ஒன்று என்று வைத்திருந்த வீடுகளை அவர் பார்த்திருக்கிறார். மார்க்குக்கும் நான் அதே கேள்வியைத்தான் கேட்பேன். உச்சம் எவ்வளவு, பாஸ் எவ்வளவு என்பது மரக்காலின் வாயும் அடியும். அது போதுமா என்றால், போதாது. அந்த ஊரில் விளைச்சல் எப்படி என்றும் தெரிய வேண்டும்.

நெதர்லாந்தில் நம்மைப் போலவே 10க்குத்தான் மார்க். பாஸ் 6. ஆனால் 9ம் 10ம் அங்கே அபூர்வம். 8 வாங்கினாலே மெச்சுவார்கள். நம் பொறியியல் கல்லூரிகளில் 8க்கு மேல் இருப்பவர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். இரண்டு அளவுக்கும் உச்சம் 10தான். அந்த உச்சத்துக்குப் பக்கத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். பவேரியச் சூத்திரத்துக்கு இது தெரியாது. நம் கல்லூரிகளுக்குள்ளேயே பாருங்கள்: கணிதத்தில் 97, 98 என்று வாரி வழங்குவார்கள், வரலாற்றிலோ தமிழிலோ தங்கப் பதக்கம் வாங்குகிற பிள்ளையே 80ஐச் சுற்றித்தான் நிற்கும். சூத்திரம் அந்தப் பதக்கப் பிள்ளையைக் கணிதத்தின் நடுவரிசைக்குக் கீழே உட்கார வைத்துவிடும்.

ஐரோப்பாவுக்கு இந்தக் குறை தெரியும். எராஸ்மஸ் திட்டம் 1987இல் தொடங்கி, மாணவர்கள் ஒரு நாட்டில் பாதி, இன்னொரு நாட்டில் பாதி என்று படிக்க ஆரம்பித்தபோது, மார்க்கை எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்ற கேள்வி வந்தது. இடையில் ஒரு வழி வைத்திருந்தார்கள். பாஸானவர்களை வரிசையாக நிறுத்தி, மேலே உள்ள 10 சதவீதம் ‘ஏ’, அடுத்த 25 ‘பி’, அடுத்த 30 ‘சி’, அப்புறம் 25 ‘டி’, கடைசி 10 ‘ஈ’. கேட்க அழகாக இருந்தது. நடைமுறையில் எல்லாப் பல்கலைக்கழகமும் ஒரே மாதிரி செய்யவில்லை. 2009இல் அதைக் கைவிட்டு, ஒவ்வொரு துறையும் கடந்த ஆண்டுகளில் எந்த மார்க்கை எத்தனை சதவீதம் பேருக்குக் கொடுத்தது என்ற அட்டவணையையே வெளியிடட்டும் என்று மாற்றினார்கள். இரண்டு அட்டவணையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்: இங்கே முதல் 15 சதவீதத்துக்குள் இருந்த பிள்ளை, அங்கே முதல் 15 சதவீதத்துக்கு என்ன மார்க் கிடைக்குமோ அதைப் பெறும். என் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிட நேர்மையான வழி வேறு கிடையாது.

இலங்கையில் உயர்தரப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகளுக்கு இந்த யோசனை புதிதல்ல. அங்கே இசட் புள்ளி என்று ஒன்று உண்டு. வெறும் மார்க்கைப் பார்க்காமல், அந்தப் பாடத்தை எழுதிய எல்லாருடைய சராசரியிலிருந்து நீ எவ்வளவு தள்ளி நிற்கிறாய், எல்லாரும் எவ்வளவு பரவிக் கிடக்கிறார்கள் என்று பார்த்துப் போடுகிற கணக்கு. கடினமான பாடம் எடுத்தவள் அதனாலேயே பின்தங்கக் கூடாது என்பது அதன் நோக்கம்.

நம் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்விலும் இதற்கு ஒரு தம்பி முறை உண்டு. வேறு போர்டில் படித்த பிள்ளைகளுக்கு, அந்த போர்டில் ஒரு பாடத்தில் யாரோ எடுத்த உச்ச மார்க்கை மாநில போர்டின் உச்ச மார்க்குக்குச் சமமாக்கி, மற்றவர்களின் மார்க்கை அதே விகிதத்தில் ஏற்றுவார்கள். அங்கே உச்சம் 95, இங்கே 100 என்று வைத்தால், 76 எடுத்த பிள்ளைக்கு 80 ஆகும். இது உச்சத்தை மட்டும் சரிசெய்கிறது. நடுவில் கூட்டம் எப்படி நிற்கிறது என்று பார்ப்பதில்லை.

நம் பல்கலைக்கழகங்களும் மார்க் பரவல் அட்டவணையை மார்க் ஷீட்டோடு அச்சிட்டுக் கொடுத்தால் எத்தனையோ பிள்ளைகளுக்கு உதவும். எண்கள் தேர்வுப் பிரிவில் இருக்கத்தான் செய்கின்றன. அது வரும்வரை ஒரு கைவழி: துறைத் தலைவரிடம் போய், வகுப்பில் இத்தனை பேரில் நான் எத்தனையாவது என்று கல்லூரி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக ரேங்க் இருந்தால் அந்தச் சான்றிதழையும் வையுங்கள். 7.6 என்ற எண் சொல்லாததை, ‘62 பேரில் 5ஆவது’ என்ற ஒரு வரி சொல்லிவிடும்.

அமெரிக்காவைப் பற்றி அவள் கேட்டதற்கு வருகிறேன். அங்கே சராசரிக்கு உச்சம் 4 என்பதால் 10ஆல் வகுத்து 4ஆல் பெருக்குகிறார்கள். அது அங்கே யாரும் கேட்காத கணக்கு. பல பல்கலைக்கழகங்கள் உங்கள் ஊர் அளவிலேயே எழுதுங்கள், மாற்றாதீர்கள் என்று விண்ணப்பத்திலேயே சொல்கின்றன. மாற்ற வேண்டியிருந்தால் 1974இல் தொடங்கிய வேர்ல்ட் எஜுகேஷன் சர்வீசஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனங்கள் பாடம் பாடமாக எடுத்து, ஒவ்வொன்றையும் அமெரிக்க எழுத்துக் கிரேடாக்கி, கிரெடிட்டால் எடை போட்டுச் சராசரி எடுக்கும். நம் 60ஐ அவர்கள் ‘டி’ என்று படிப்பதில்லை. இங்கே 60 ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே நேர் விகிதத்தில் வருவதைவிடப் பெரும்பாலும் கூடத்தான் வரும். மேற்படிப்புக்குப் பல இடங்களில் 3.0 கேட்பார்கள். சிஜிபிஏ 7 இருக்கிற பையன் 2.8 என்று தானே பெருக்கிப் பார்த்துவிட்டு, நமக்கு ஆகாது என்று விண்ணப்பமே போடாமல் இருந்துவிடுவது உண்டு. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இந்தியாவுக்கென்று தனி அட்டவணை வைத்திருக்கும். நம் ஃபர்ஸ்ட் கிளாஸைப் பல இடங்களில் அவர்களின் இரண்டாம் வகுப்பு மேல்பாதிக்கு ஈடாக வைக்கிறார்கள். முதல் வகுப்பு என்ற பேச்சே அங்கிருந்து வந்ததுதான். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தை லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் அமைத்தார்கள். இங்கிலாந்திலும் காலம் ஒரே மாதிரி இல்லை. 2010-11இல் பட்டம் பெற்ற 100 பேரில் முதல் வகுப்பு வாங்கியவர்கள் 16 பேர் அளவில் இருந்தார்கள். 2020-21இல் மூன்றில் ஒருவருக்கு மேல் வாங்கினார்கள். ஒரே நாட்டின் ஒரே வகுப்புக்கே பத்து வருஷத்தில் மதிப்பு இப்படி மாறுகிறது.

கனடாவில் குடியேற விண்ணப்பிப்பவர்களுக்குக் கவலை குறைவு. அங்கே கேட்கிற கல்விச் சான்று மதிப்பீட்டில் உங்கள் பட்டம் அங்கே எதற்குச் சமம் என்பதுதான் முக்கியம், மார்க் இல்லை. அந்த அறிக்கை 5 வருஷம் செல்லும்.

தாள் எங்கே கிடைக்கும் என்பதும் நம் பக்கத்தில் ஒரு பெரிய கேள்வி. பாளையங்கோட்டையில் செயின்ட் ஜான்ஸ் 1878இல் தொடங்கியது, சாரா டக்கர் 1895இல், செயின்ட் சேவியர்ஸ் 1923இல். கல்லூரிகள் அதே இடத்தில் இருக்கின்றன. பட்டம் கொடுக்கிற பல்கலைக்கழகம்தான் மாறிக்கொண்டே வந்தது. முதலில் சென்னை. 1966இல் மதுரையில் பல்கலைக்கழகம் வந்ததும் மதுரை. 1990இல் அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் வந்ததும் அது. 1985இல் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. முடித்த ஓர் அண்ணாச்சிக்கு இப்போது டிரான்ஸ்கிரிப்ட் வேண்டும் என்றால் மதுரைக்குத்தான் பஸ் ஏற வேண்டும். பொறியியலில் இன்னும் சுற்று: 1998இல் முடித்தவருக்குச் சுந்தரனார் பட்டம், பிறகு அண்ணா பல்கலைக்கழகம், 2007இலிருந்து சில வருஷம் திருநெல்வேலி பெயரிலேயே தனி அண்ணா பல்கலைக்கழகம் இருந்து, 2012இல் சென்னையோடு மறுபடி இணைந்தது. வெளிநாட்டு மதிப்பீட்டாளருக்கு இந்தப் பெயர் மாற்றம் புரியாமல், போலியோ என்று சந்தேகப்படலாம். ஒரு வரி விளக்கம் கூட வைத்தால் நல்லது. ஜெர்மனிக்கு 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்கள் டெல்லியில் உள்ள ஏபிஎஸ் மையத்தில் சான்றிதழ்களின் உண்மைத்தன்மையைச் சரிபார்த்து வாங்க வேண்டியிருப்பதால், இதை முதலிலேயே நேராக்கிக்கொள்ள வேண்டும்.

மார்க்கை மாற்றவே மாட்டோம் என்று சொல்கிற ஒரு துறையும் உண்டு. மருத்துவம். பிலிப்பைன்ஸிலும் ரஷ்யாவிலும் மருத்துவம் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளிடம் நம் நாடு அங்கே எத்தனை மார்க் என்று கேட்பதில்லை. 300 கேள்வி, 150 சரியாக இருந்தால் பாஸ், எழுது என்கிறது. கடுமையான பரீட்சை, எழுதி எழுதிச் சோர்ந்துபோன பிள்ளைகள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். ஆனாலும் ஒரு நாட்டின் எண்ணை இன்னொரு நாட்டின் எண்ணாக்குவது எவ்வளவு பலவீனமான வேலை என்பதை அரசே ஒப்புக்கொண்ட இடம் இது என்று எனக்குத் தோன்றும். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் சூத்திரத்தை யாரும் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். அவளும் நானும் 8 தாளையும் தரையில் பரப்பித் திருப்பிப் போட்டோம். என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுக்கும் அளவுக்குப் பொடி எழுத்து. அவளே வாசித்தாள்: ஓ 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6. அப்புறம் முன்பக்கத்தைத் திருப்பி, தனக்கு எத்தனை ‘பி’ என்று பென்சிலால் எண்ணினாள். நான்கு வருஷத்தில் எட்டு இருந்தது. தன் பாஸ் புள்ளி 4ம் இல்லை, 5ம் இல்லை, 6தான் என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, 2.5 கேட்கிற மூன்று இடத்துக்கும் பாஸ் மார்க்கை எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டு அங்கேயே மெயில் எழுதினாள். 3.0 வரை எடுக்கிற இன்னும் இரண்டு இடங்களைப் பட்டியலில் சேர்த்தாள்.

சாயங்காலம் பாளை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடைக்கு ஸ்கேன் எடுக்கப் போனோம். லேமினேட் பண்ணின இரண்டும் வெளிச்சம் பட்டுப் பளபளவென்று வந்தன. ஒரிஜினலைச் சரிபார்க்கிற இடத்தில் லேமினேட் பண்ணினதை வாங்க மறுப்பதும் உண்டு என்பதால், அந்த இரண்டுக்கும் டூப்ளிகேட் கேட்டு எழுதிப்போட வேண்டியிருக்கும். கடைக்கார அண்ணாச்சி முன்பக்கம் எட்டையும் முடித்துவிட்டுத் தாள்களை அடுக்கினார்.

“பின்னாடியும் எடுக்கணும் அண்ணாச்சி.”

“பின்னாடி வெறும் ரூல்ஸ்தான தாயி இருக்கு?”

“ஆமா, எட்டுக்கும் வேணும்” என்றாள்.